மணிக்கட்டு ஐந்தரை அங்குலம்

புன்னவிளை
12 ஜனவரி 1931

பிரியமுள்ள தம்பி சுந்தரராஜுக்கு,

ஆண்டவர் பட்டணத்திலும் உன்னைக் காத்துக்கொள்வாராக. நாங்கள் இருவரும் சுகம். பட்டணத்துத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? ராத்திரியில் சோறு கிடைக்கிறதா, இல்லை ரொட்டிதானா? எழுது.

நீ டிரில் மாஸ்டர் படிப்புக்குச் சேர்ந்த செய்தி இங்கே சபை முழுவதும் பரவிவிட்டது. ‘ஓடதுக்கும் சாடதுக்கும் ஒரு காலேஜா!’ என்று பக்கத்து வீட்டு ஞானசெல்வி வாயில் கை வைத்தாள். சென்னையில் எல்லாவற்றுக்கும் காலேஜ் உண்டு என்று நான் பெரிதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

தம்பி, ஒரு உதவி வேண்டும். உன் அத்தானுக்கு ஈஸ்டர் கழிந்து ஒரு அடிமுறைப் பந்தயம் வருகிறது. உடம்புக்குப் பலம் ஏற்றுகிற பயிற்சிகள், மூச்சு, கைப்பலம், கால்பலம் எல்லாவற்றுக்கும் அங்கே நல்ல புத்தகங்கள் இருக்குமே. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று உனக்குத் தெரியும். முதலிலிருந்து தொடங்குகிறவர்களுக்குச் சொல்வதுபோல விளக்கமாக எழுது. அவர் கூச்சக்காரர், அவருக்கு நேரடியாக எழுத வேண்டாம்.

பதிலை ஞானசெல்வி பேருக்கே போடு. எங்கள் வீட்டுக்குத் தபால் ஒழுங்காக வருவதில்லை.

உன் அக்காள்
தங்கபாய்

---

சென்னை
27 ஜனவரி 1931

அன்பு மாறாத அக்காளுக்குத் தம்பியின் வந்தனம்.

நான் நல்ல சுகம். தண்ணீர் உப்பு, பழகிவிட்டது. சோறு உண்டு, மீன்தான் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். நேசையன் அத்தான் என்னிடம் பயிற்சி கேட்கிறாரா! அவர் கையால் ஒரு குத்து வாங்கிவிட்டு இரண்டு நாள் சோறு விழுங்க முடியாமல் கிடந்தவன் நான். ஒரே களரியில் அவரோடு நின்று அவர் குணம் அறிந்தவன் என்பதால்தானே, அப்பா போன பிறகு ‘எங்க அக்காளைக் கெட்டிக்கிடும்’ என்று துணிந்து நானே போய்க் கேட்டேன்.

இங்கே பழைய புத்தகக் கடைகளில் புலித்தோல் உடுத்த வெள்ளைக்காரன் படம் போட்ட புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. முப்பது நாளில் சிங்கத்தின் பலம் என்கிறான் ஒருவன். மின்சார இடைவார் கட்டினால் போதும் என்கிறான் இன்னொருவன். என் அறைக்காரன் கிருஷ்ணமணி ஒரு லேகியத்தைத் தபாலில் வரவழைத்துத் தின்றுவிட்டு மூன்று நாள் கக்கூசிலேயே குடியிருந்தான். இவற்றில் எதுவும் வேண்டாம்.

நல்ல புத்தகத்துக்கு அடையாளம் ஒன்றுதான். முதல் நாள் எத்தனை, பத்தாம் நாள் எத்தனை, எந்த நாள் ஓய்வு என்று அது சொல்ல வேண்டும். படத்தை மட்டும் காட்டினால் அது நோட்டீஸ். எங்கள் நூலகத்தில் பட்டாளத்துக்காரர்களுக்கு எழுதிய புத்தகம் ஒன்று அப்படி இருக்கிறது. வடக்கே இருந்து வரும் மல்யுத்த மாஸ்டரும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். இரண்டிலிருந்தும் நானே தமிழில் எழுதி அனுப்புகிறேன். இப்போதைக்குத் தண்டால், உட்கார்ந்து எழும் பஸ்கி, கயிறு இழுப்பது, இம்மூன்று போதும். ஒருநாள் விட்டு ஒருநாள்.

அத்தானின் மேற்கை அளவு, மணிக்கட்டு அளவு, எடை மூன்றும் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துத்தான் கணக்காகச் சொல்ல முடியும்.

அத்தானுக்கு என் வணக்கம்.

சுந்தரராஜ்

---

புன்னவிளை
20 பிப்ரவரி 1931

என் தம்பிக்கு,

சமாதானம் உண்டாகட்டும். உன் கடிதமும் நோட்டும் வந்து சேர்ந்தன. இங்கே சுகம். மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது.

மேற்கை ஒன்பது அங்குலம். மணிக்கட்டு ஐந்தரை. தையல் நாடாவால் இரண்டு தடவை எடுத்தேன். எடை பார்க்க இங்கே வசதியில்லை.

தண்டால் ஒன்றுகூட எழும்பவில்லை. பாதியில் நெஞ்சு தரையில் ஒட்டிக்கொள்கிறது. சுவரில் கைவைத்துத் தள்ளிப் பார்த்தபோது பத்து முடிந்தது. பஸ்கி இருபது. நோட்டில் நீ சொன்ன இரும்புக் குண்டுக்கு இங்கே வழியில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து கருமணல் அள்ளிவந்து தலையணை உறையில் கட்டியாயிற்று. வெள்ளை மணலைவிட அது எவ்வளவு கனம் தெரியுமா? சின்ன மூட்டைதானே என்று தூக்கினால் தோளே இறங்கிவிடுகிறது.

சில சந்தேகங்கள். பலசாலி ஒருவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் விடுவிப்பது எப்படி? தள்ளிவிட்டால் தலை அடிபடாமல் விழ முடியுமா? வயிற்றில் மிதி விழப்போகிறது என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்? பின்னால் வந்து தலைமுடியைப் பிடித்தால் என்ன வழி?

சீக்கிரம் எழுது. ஈஸ்டர் வந்துவிடும்.

தங்கபாய்

---

சென்னை
8 மார்ச் 1931

அன்புள்ள அக்காளுக்கு,

நான் சுகம். ஆனால் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. ஐந்தரையா? அத்தானின் மணிக்கட்டை என் கைவிரல்களால் சுற்றிப் பிடிக்க முடியாது. எட்டுக்குக் குறையவே குறையாது. பந்தயத்தில் எத்தனை பேரை விழத் தட்டியவர், அவருக்குத் தண்டால் ஒன்றுகூட எழும்பவில்லை என்கிறாய்! கடிதத்தைக் கிருஷ்ணமணியிடம் காட்டினேன். ‘இது க்ஷயரோகம்’ என்று சொல்லிவிட்டான். காய்ச்சல் ஏதும் வந்ததா? இருமல் உண்டா? நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப் போ.

நோயிலிருந்து எழுந்தவருக்குச் சொல்வதுபோலவே இனி எழுதுகிறேன். தண்டாலை முழங்கால் ஊன்றிச் செய்யட்டும். வாரத்துக்கு இரண்டு கூட்டினால் போதும். மணிக்கட்டுக்கு ஒரு கம்பின் நடுவில் கயிறு கட்டி, நுனியில் கருமணல் பொதியைத் தொங்கவிட்டு, கம்பை உருட்டி மேலே ஏற்றி இறக்க வேண்டும். முன்கை உரமேற உமி மூட்டையில் மெதுவாகத் தட்டத் தொடங்கட்டும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

பிடித்த கையில் பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடம்தான் பலவீனம். அந்தப் பக்கமாகக் கையைத் திருப்பி இழுத்தால் எந்தப் பிடியும் கழன்றுவிடும். விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, கையால் தரையை அடித்து விழ வேண்டும். மிதி வருமுன் மூச்சை வெளியே தள்ளி வயிற்றை இறுக்கிக்கொண்டு ஒருபக்கம் திரும்பினால் பாதி பலம் வீணாகிவிடும்.

முடியைப் பிடித்தால் அந்தக் கையை இழுக்கவே கூடாது. இரண்டு கையாலும் அதைத் தலையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, சட்டென்று குனிந்து திரும்ப வேண்டும். அவன் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், தானே விழுவான். ஆனால் ஒன்று, பந்தயத்தில் முடியைப் பிடிப்பது குற்றமாயிற்றே. கிராப்பு வெட்டிய அத்தான் எப்போது குடுமி வளர்த்தார்?

உடம்பை விசாரித்து உடனே எழுது.

சுந்தரராஜ்

---

புன்னவிளை
2 ஏப்ரல் 1931

என் அருமைத் தம்பிக்கு,

நாளை பெரிய வெள்ளி. கர்த்தரின் கிருபையால் சுகம்.

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை. நீ சொன்னது சரி, காய்ச்சல்தான். போன ஆடியில் விழுந்த உடம்பு, தேற நாளாயிற்று. இருமல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. பந்தயமும் அறுப்புக்குப் பிறகு என்று தள்ளிவைத்துவிட்டார்கள். முடியைப் பற்றிச் சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

நீ எழுதிய முறை நல்ல பலன் தருகிறது. முழங்கால் எடுத்துவிட்டு முழுத் தண்டால் பன்னிரண்டு இப்போது. கம்பை ஏழு தடவை உருட்டலாம். காலையில் பத்து மணிக்கு மேல், வீட்டில் யாரும் இல்லாதபோது, நேரம் கிடைக்கிறது. விழுவதற்கு வைக்கோல் பரப்பிப் பழகியாயிற்று. முதல் நாள் பயம். இப்போது விழுந்து எழும்புவது படியிறங்குவது மாதிரி.

ஒன்று மட்டும் புரியவில்லை. தண்ணீர் இறைப்பது, நெல் குத்துவது, அம்மியில் அரைப்பது எல்லாம் நீ சொல்லும் பயிற்சிதானே? அதையே பத்து வயதிலிருந்து செய்கிறவர்களுக்கு ஏன் ஒரு கையைத் தடுக்கிற பலம் வருவதில்லை?

சாப்பாட்டில் குறை வைக்காதே.

தங்கபாய்

---

சென்னை
20 ஏப்ரல் 1931

திரு. நேசையன் அவர்கள்
மணல் கம்பெனி, மணவாளக்குறிச்சி

மரியாதைக்குரிய அத்தானுக்கு சுந்தரராஜின் வணக்கம். நான் சுகம். தங்கள் சுகம் அறிய ஆவல்.

நேரடியாக எழுத வேண்டாம் என்று அக்காள் சொல்லியிருந்தும் மனம் கேட்கவில்லை. தங்கள் உடம்பு மெலிந்துபோன செய்தி அறிந்து தூக்கமில்லை. இந்த மூன்று மாதமாக ஞானசெல்வி அக்காள் விலாசத்துக்கு நான் எழுதி அனுப்புகிற பயிற்சிகளால் தேறிவருகிறீர்கள் என்று அறிந்து ஸ்தோத்திரம் செய்தேன். பன்னிரண்டு தண்டால் என்றாளே! பழையபடி நூறு போடும் நாளும் வரும். காய்ச்சலுக்கு மட்டும் நெய்யூரில் காட்டிவிடுங்கள்.

முடியைப் பிடித்தால் விடுபடும் வழியையும் கேட்டிருந்தீர்கள். அத்தான் குடுமி வைத்த கோலத்தைப் பார்க்கவே ஊருக்கு வர வேண்டும்போல் இருக்கிறது!

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்
சுந்தரராஜ்

---

மணவாளக்குறிச்சி
25 ஏப்ரல் 1931

சுந்தரராஜுக்கு,

உன் கடிதம் இன்று காலையில் கம்பெனிக்கு வந்தது. எனக்குக் காய்ச்சல் வந்ததில்லை. இந்த வருஷம் எந்தப் பந்தயத்துக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. தண்டால் பன்னிரண்டு போடுகிறவன் யார் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் விசாரித்துக்கொள்கிறேன்.

நீ படிப்பைக் கவனி. உன் அக்காளுக்கு இனி எழுத நேரமிராது.

சுகம்.

நேசையன்

---

சென்னை
29 ஏப்ரல் 1931

அக்கா,

அத்தானின் கடிதம் இப்போதுதான் வந்தது. நான்கு தடவை படித்துவிட்டேன். என்ன செய்துவிட்டேன் நான்?

அக்கா, அந்த மணிக்கட்டு யாருடையது?

நீ கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். மணிக்கட்டைப் பிடித்தால். தள்ளிவிட்டால். வயிற்றில் மிதித்தால். முடியைப் பிடித்தால். பயிற்சியைப் பற்றி எழுதியதில் ‘அவர்’ என்று ஒரு இடத்தில்கூட நீ எழுதவில்லை. இன்று ராத்திரியே ரயில் ஏறலாமா என்று பார்க்கிறேன். ஒரு வரி எழுது. கை முடியாவிட்டால் எழுதத் தெரிந்த யாரையாவது கொண்டு எழுது.

சுந்தரராஜ்

---

புன்னவிளை
4 மே 1931

ஐயா சுந்தரராஜ் அவர்களுக்கு,

ஞானசெல்வி எழுதுவது. கர்த்தர் நம்மைக் கைவிடவில்லை. தங்கபாய் உயிரோடு இருக்கிறாள். உடம்பில் காயம் இல்லை. பத்மநாபபுரத்தில் உங்கள் அப்பாவின் வீட்டைத் திறந்து தூத்துப் பெருக்கிக் கொடுத்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினேன். அங்கேதான் இருக்கிறாள்.

இங்கே வந்திருந்த உங்கள் கடிதத்தை இன்று காலையில் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். படித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘அவன் இப்பம் வராண்டாம். நானா எழுதும்போ எழுதுவேன்.’

நான் வேறு ஒன்றும் சொல்லக்கூடாது.

ஞானசெல்வி

---

பத்மநாபபுரம்
3 ஆகஸ்ட் 1931

தம்பி சுந்தரராஜுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இரு.

மூன்று மாதம் நான் எழுதவில்லை. கை முடியாமல் அல்ல. உன்மேல் கோபம். அவருக்கு நேரடியாக எழுத வேண்டாம் என்று ஒரே ஒரு காரியம்தான் கேட்டேன். உன் ஆறு கடிதங்களும் வந்தன. நேற்றுத்தான் பிரித்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை. நான் முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்றரை மணிக்கு அவர் வந்தார். வழக்கமாக அந்த நேரத்துக்கு வருவதில்லை. உனக்குப் பதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. சட்டைப்பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து முழுவதையும் நிதானமாக வாசித்தார்.

‘எனக்குக் குடுமி எப்பம் முளைச்சது?’ என்றார்.

நான் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

‘கேக்குதது காதுல விழுதா? யாருக்காக்கும் இந்தப் பயிற்சி?’

‘எனக்குத்தான்.’

‘உனக்கு என்னத்துக்கு?’

‘நீங்க அடிக்கும்போ சாவாம இருக்கதுக்கு.’

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எனக்குப் பின்னால் வந்து முடியைச் சுற்றிப் பிடித்தார். மூன்று வருஷமாக அப்படித்தான் தொடங்குவார். என் கை இரண்டும் தானாகவே மேலே போயின தம்பி. அவர் கையைத் தலையோடு அமுக்கினேன், குனிந்தேன், திரும்பினேன். படக்கென்று ஒரு சத்தம். அவர் சுற்றிப்போய் ஆட்டுரலின்மேல் விழுந்தார். மணிக்கட்டும் தோளெலும்பும் முறிந்துவிட்டன.

நான் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. நெல்லின்மேல் நின்றுகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலியைவிட ஆச்சரியம்தான் அவர் முகத்தில் இருந்தது.

‘ஏட்டி, யாரு சொல்லித்தந்தா?’ என்று கேட்டார்.

‘தபால்ல வந்தது’ என்றேன்.

வைத்தியரைக் கூப்பிட்டது நான்தான். மாடு முட்டியதாக அவர் சொன்னார். நானும் ஆமாம் என்றேன். ஐந்து நாள் சோறு ஊட்டினேன். இடது கையால் உண்ணப் பழகிய அன்று ஞானசெல்வியோடு கிளம்பி வந்துவிட்டேன்.

போன ஆடியில் கிணற்றடியில் வழுக்கி நாலு மாதப் பிள்ளை கலைந்துபோனது என்று உனக்கு எழுதினேனே, கிணற்றடியில் பாசி இல்லை தம்பி. அடுக்களையில் வைத்து மிதித்தார். குழம்பில் புளி கூடிப்போயிற்று. அதற்குப் பிறகுதான் உன்னிடம் பயிற்சி கேட்டேன்.

உனக்கு இப்போது என்ன தோன்றும் என்று தெரியும். வந்து அவரை அடிக்காதே. நீ அடித்தால் அது இரண்டு ஆண்களின் சண்டையாகிவிடும். என் காரியம் அதற்குள் மறைந்துபோகும். நான் சொல்லாமல் ஓடிப்போனதாக அவர் சபையில் மனுக் கொடுத்திருக்கிறார். செப்டம்பர் ஆறாம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்து விசாரணை.

கடைசியாக ஒன்று. கல்யாணம் முடிந்து இரண்டாம் மாதம், 1928-இல், உனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். அதில் எல்லாம் சொல்லியிருந்தேன். நீ எழுதிய பதில் என்னிடம் இருக்கிறது. என் கடிதம் உன்னிடம் இருக்கிறதா என்று தேடிப் பார்.

தங்கபாய்

---

சென்னை
14 ஆகஸ்ட் 1931

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதம் வந்தபோது மைதானத்தில் இருந்தேன். படித்து முடித்த பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தாராம், எனக்குக் கேட்கவில்லை. அவரைக் கொல்ல வேண்டும் என்பதுதான் முதலில் மனதில் வந்தது. அதையும் நீ முன்னாலேயே தடுத்து எழுதியிருக்கிறாய்.

1928-இல் நீ எழுதியதாக எனக்கு நினைவே இல்லை. நீ தேதி மாற்றிச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் மறந்திருப்பேனா? தகரப்பெட்டியைக் கவிழ்த்தேன். காலேஜுக்கு மனுப் போட்ட காகிதங்களுக்கு நடுவே இருந்தது. உன் கையெழுத்துதான். ‘தம்பி, அவர் கை நீட்டுகிறார். முதலில் கன்னத்தில். இப்போது இடுப்பில். நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரிந்தால் திருத்திக்கொள்வேன். நீ அவருக்குக் கூட்டாளி, ஒரு வார்த்தை கேள்.’

அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் என் கையெழுத்து. ‘மார்பு 36. மூச்சு நிறைத்தால் 39.’ காலேஜுக்கு மனுப் போடும்போது அளவு குறிக்கக் காகிதம் தேடியிருக்கிறேன் போல. உன் கடிதத்தில் எழுதியிருக்கிறேன் அக்கா. நீ அடி வாங்குகிறேன் என்று சொன்ன தாளின் முதுகில் என் மார்பளவை எழுதியிருக்கிறேன்.

நான் உனக்கு என்ன பதில் எழுதினேன் என்பது இன்னும் நினைவுக்கு வரவில்லை. யோசிக்கவே பயமாக இருக்கிறது. சபை விசாரணைக்கு அந்தப் பதிலைக் கொண்டு வா. இதை நான் கொண்டு வருகிறேன். சபைக் கமிட்டிக்கு எழுதி அனுமதி கேட்டிருக்கிறேன். இரண்டையும் எல்லாருக்கும் முன்னால் நானே வாசிக்கிறேன். உன்னைக் கொண்டுபோய் அந்த வீட்டில் விட்டவன் நான். சபையில் நீ மட்டும் நின்று பதில் சொல்ல விடமாட்டேன்.

அவரைத் தொட மாட்டேன். சத்தியம்.

சுந்தரராஜ்

---

பத்மநாபபுரம்
11 அக்டோபர் 1931

தம்பிக்கு,

நான் சுகம். இங்கே மழை தொடங்கிவிட்டது. அப்பாவின் கூரையில் இரண்டு இடம் ஒழுகுகிறது. பரீட்சை நெருங்குகிறது என்று எழுதியிருந்தாய், உடம்பைப் பார்த்துக்கொள்.

விசாரணை அன்றைக்கு நீ வாசித்து முடித்ததும் சபைக் கோயிலை விட்டு வெளியே போய்விட்டாய். மறுநாள் பஸ் ஏறும்வரை என்னிடம் பேசவில்லை. உனக்குப் பின்னால் அங்கே நடந்தது உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

என் கடிதத்தை நடுங்காமல் வாசித்தாய். உன் பதிலை வாசிக்கும்போதுதான் நின்றாய். ‘அடிமுறைக்காரன் கை சும்மா இருக்குமா அக்கா? தங்கமான மனுஷர், நீ வாயைக் கொஞ்சம் அடக்கு.’ அந்த இரண்டு வரியில்தான் நிற்பாய் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷமாக நானும் அங்கேதான் நின்றேன்.

நீ போன பிறகு கமிட்டித் தலைவர் அவரைப் பார்த்து, ‘நேசையா, இது உள்ளதா?’ என்று கேட்டார். அவர் எழுந்தார். வலது கை இன்னும் தோளுக்கு மேல் எழும்புவதில்லை.

‘உள்ளதுதான். ஆனா மாடு முட்டினதுன்னு நான் சொன்னது பொய்யி. எனக்க கைய ஒடிச்சது இவளாக்கும். கெட்டினவன் கைய ஒடிச்சவள சபை என்ன செய்யும்? அதைச் சொல்லுங்க.’

எல்லாருடைய தலையும் என் பக்கம் திரும்பியது. அடிமுறையில் தோற்காதவரை நான் விழத் தட்டினேன் என்பதை யாராலும் நம்ப முடியவில்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, தெற்குவிளை அன்னக்கிளி அம்மாள் எழுந்தாள். எழுபது வயது. கோயிலில் பாட்டுக்கு மட்டும்தான் வாய் திறப்பவள்.

‘ஏ நேசையா, அவளுக்க முடி அவளுக்க தலையிலத்தான இருந்தது? உனக்க கை அங்க என்னத்துக்குப் போச்சு?’

அவர் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். ஞானசெல்வி என் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

போன ஞாயிறு தீர்ப்பு வந்தது. நான் இங்கேயே தனியாக இருக்கலாம். அவர் இந்த வாசலுக்கு வரக்கூடாது. அவருக்கு ஆறு மாதம் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது. புருஷன்மேல் கை வைத்ததற்காக எனக்கு மூன்று மாதம் கிடையாது. இது என்ன நியாயம் என்று ஞானசெல்வி குதித்தாள். நான் கேட்கவில்லை. மூன்று மாதம் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிதில்லை. லேஸ் பின்னுகிற வேலை வாங்கிவிட்டேன், வாரத்துக்கு ஒரு நாள் தக்கலைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

மன்னிக்கச் சொல்லி இதுவரை ஐந்து கடிதம் எழுதிவிட்டாய். எல்லாவற்றுக்கும் சேர்த்து இதுதான் பதில். நீ அத்தனை பேருக்கு முன்னால் நின்று வாசித்ததை நான் மறக்க மாட்டேன். மன்னித்தேன் என்று எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. பொய்யாக எழுத மனமும் இல்லை. நம் இரண்டு பேருக்கும் நடுவில் இனி பொய் வேண்டாம். நாளாகலாம். ஒருவேளை வராமலே போகலாம்.

நீ எழுதுவதை மட்டும் நிறுத்தாதே. மன்னிப்பு கேட்டு அல்ல. அங்கே என்ன சாப்பிட்டாய், யாரோடு பேசினாய், மழை பெய்ததா, அதை எழுது. இப்போது தபால் என் பேருக்கே வருகிறது. நானே பிரித்துப் படிக்கிறேன்.

உன் அக்காள்
தங்கபாய்